தன்விவரக் குறிப்பில் பள்ளி மதிப்பெண்

கல்லூரிப் படிப்பை நிறைவு செய்யும் மாணவர் வேலை நாடிப் புறப்படுமுன் எழுதும் முதல் ஆவணம் தன்விவரக் குறிப்பாகும். 'பயோடேட்டா' என்று நாம் நெடுங்காலமாக வழங்கி வருவதும் இதுவே. பெற்ற பட்டம், பயின்ற கல்லூரி, அறிந்த மொழிகள் ஆகியன இதில் இடம்பெறுவதில் எவர்க்கும் ஐயமில்லை. ஐயம் எழுவது பள்ளித் தேர்வு முடிவுகளைப் பற்றியே. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பெற்ற மதிப்பெண்களைப் பட்டதாரி ஒருவர் எழுதத்தான் வேண்டுமா? குறைவாகப் பெற்றிருப்பின் விட்டுவிடலாமா? இவ்வினாக்களை ஈண்டுச் சற்று விரிவாக நோக்குவோம்.

நம்மை இவ்வாய்வுக்குத் தூண்டியவர் மருங்காபுரிப் பகுதியிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர். மருங்காபுரி நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது. முன்னாளில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய ஊர்; இன்று வட்டத் தலைமை பெற்றுள்ளது. வானம் பார்த்த புன்செய் நிலமே அங்கு மிகுதி. அம்மாணவர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல்வர். வளாக நேர்காணலுக்கென அவர் எழுதிய தன்விவரக் குறிப்பைத் துறைக்குக் கொண்டுவந்து காட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இருந்தது. பட்டப்படிப்பின் விழுக்காடு இருந்தது. பத்தாம் வகுப்புக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. "இந்த இடத்தில் என்ன எண் போடுவது ஐயா?" என்பதே அவர் வினா.

அவர் மறைக்கவில்லை. எழுதுவதற்கு எண்ணே இல்லை!

மதிப்பெண் இல்லாத சான்றிதழ்

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2021 பிப்ரவரியில், அவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி பெற்றதாகத் தமிழக அரசு அறிவித்தது. அவர்களுக்கு வழங்கப்பெற்ற சான்றிதழில் 'தேர்ச்சி' என்னும் சொல் இருந்தது, மதிப்பெண் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2020-இல், நிலைமை வேறு. அப்போதும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. ஆனால் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும், வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் கொண்டு மதிப்பெண் கணக்கிட்டு வழங்கினர். 2021-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கோ, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50, பதினோராம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டிக் கொடுத்தனர்.

இத்தகைய இடர்ப்பாடு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டில், தேர்வெழுதாத மாணவர்க்குக் கணிப்பு முறை ஒன்றால் தரம் வழங்கியபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. சில நாள்களிலேயே அம்முறையைக் கைவிட்டு, ஆசிரியர் மதிப்பிட்ட தரத்தையே ஏற்றனர்.

எனவே 2021-இல் பத்தாம் வகுப்பும் 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்துக் கல்லூரிக்கு வந்தோரிடம், 'பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை 60 விழுக்காடு' என்று நிறுவனங்கள் கேட்கும்போது அவர் என் செய்வார்? எண் இட்டாலன்றி அடுத்த பக்கம் திறவாத கணினிப் படிவங்களும் உள. அவ்விடத்தில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை எழுதலாமா, ஏதேனும் ஓர் எண்ணை இட்டு நிரப்பலாமா என்று மாணவர் தடுமாறுவர். கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று அந்த எண்ணுக்குச் சான்று காட்ட இயலாது. வேலை உத்தரவு கைக்கு வந்த பின்னரும் பறிபோகும். நிறுவனத்தின் பணியமர்த்தும் அலுவலர்க்கு மடல் எழுதி, என்ன இடுவது என்று கேட்டு, அவர் தரும் விடையைப் பத்திரப்படுத்திக் கொள்வதே நேரிய வழி. தன்விவரக் குறிப்பில், 'பத்தாம் வகுப்பு, 2021, தேர்ச்சி. பெருந்தொற்றினால் அவ்வாண்டு மதிப்பெண் வழங்கப்பெறவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். அவ்வரியை எழுத நாணுவதற்கு ஏதுமில்லை. தமிழகம் முழுவதும் அவ்வாண்டு மாணவர் அனைவர்க்கும் அதே சான்றிதழ்தான்.

எண்ணும் தேர்ச்சியும்

இம்மாணவர் வினா நம்மை மற்றொரு வேறுபாட்டைக் காணச் செய்தது. பள்ளித் தேர்வு முடிவு என்பது ஒன்றன்று, இரண்டு. தேர்ச்சி பெற்றமை ஒன்று. பெற்ற மதிப்பெண் மற்றொன்று. முன்னது வாழ்நாள் முழுதும் பயன்படுவது. பின்னது சில வாயில்களில் மட்டுமே செல்லும் நாணயம்.

வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் செல்வோர் நம்மிடையே பலர் ஆதலின், அதனை முதலில் கூறுவோம். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் இந்தியர்க்குக் குடியேற்ற அனுமதி தேவை என்பது விதி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்க்கு அவ்வனுமதி வேண்டுவதில்லை. அவர்தம் கடவுச்சீட்டு அதற்கேற்ப வழங்கப்பெறுகிறது. ஈண்டு 500-க்கு 180 பெற்றவரும் 480 பெற்றவரும் ஒன்றே. பத்தாம் வகுப்பை இடையில் நிறுத்திவிட்டுப் பையனைக் கடல் கடந்து அனுப்ப எண்ணும் பெற்றோர்க்கு, சமுதாயப் பெரியவர்கள் இவ்விதியை எடுத்துரைப்பது நலம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி நான்கு பணிகளுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி. தெரிவு ஆணையம் நடத்தும் தேர்வால் அமையுமேயன்றிப் பள்ளி மதிப்பெண்ணால் அன்று. எனினும் பள்ளிச் சான்றிதழ் வேறொரு வகையில் அங்கே உயிர்பெறுகிறது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. பட்டம் மட்டும் தமிழ்வழியில் பெற்றால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருத்தல் வேண்டும் என்பது திருத்தத்தின் சாரம். சிற்றூர் அரசுப் பள்ளியில் பயின்றதைக் குறையாகக் கருதி மறைக்கும் மாணவர் பலர்; அப்பள்ளியில் வாங்கும் தமிழ்வழிச் சான்றே அவர்க்கு வேலை வாங்கித் தரலாம்.

எண்ணே எல்லாமாக அமையும் இடங்களும் உண்டு. அஞ்சல் துறையின் கிராமிய அஞ்சல் பணியாளர் தெரிவுக்குத் தேர்வு கிடையாது; பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசையே தெரிவுப் பட்டியல். முப்பது வயதுடையார்க்கும் பதினைந்து வயதில் எழுதிய தேர்வே அங்குப் பேசும். மதிப்பெண்ணே இல்லாத 2021 மாணவரை அவ்வரிசையில் எவ்விடத்து நிறுத்துவது?

ஆசிரியப் பணியில் நேர்ந்தது

தமிழ் பயில்வோர் பெரிதும் நாடுவது ஆசிரியப் பணி. அதில் பள்ளி மதிப்பெண் நிகழ்த்திய கூத்தை மறத்தற்கில்லை. 2014-இல் வகுத்த முறைப்படி, பட்டதாரி ஆசிரியர் தெரிவில் தகுதித் தேர்வுக்கு 60, பட்டப்படிப்புக்கு 15, கல்வியியல் பட்டத்துக்கு 15, மேனிலைத் தேர்வுக்கு 10 என நூற்றுக்குக் கணக்கிட்டனர். 'வெயிட்டேஜ்' என்று வழங்கிய முறை அதுவே. தகுதித் தேர்வில் வென்றவர் பலர், முன்னொரு காலத்தில் எழுதிய மேனிலைத் தேர்வால் பின்தள்ளப்பட்டனர். எங்கள் காலத்தில் மதிப்பெண் எளிதில் விழாது, இன்று வாரி வழங்குகிறார்கள், இரண்டையும் ஒரே தராசில் இடுவது முறையா என்பது மூத்தோர் வழக்கு. நம் நோக்கில் அவ்வழக்கு நியாயமானதே. அம்முறை 2018-இல் கைவிடப்பட்டது. தகுதித் தேர்வு முடித்தவர்க்குத் தனிப்போட்டித் தேர்வு வந்தது. ஆனால் பத்தே மதிப்பெண்ணால் வாய்ப்பிழந்து வயது கடந்தவர்க்கு யார் விடை கூறுவது?

தராசு மாறுவதைப் பிறிதொன்றாலும் அறியலாம். மேனிலைத் தேர்வு 2018 வரை 1200 மதிப்பெண்ணுக்கு நடந்தது. 2019 முதல் 600-க்கு நடக்கிறது. 'மேனிலை: 540' என்று மட்டும் எழுதினால், ஒரு காலத்தார்க்கு அது பாதிக்கும் குறைவு, மற்றொரு காலத்தார்க்குத் தொண்ணூறு விழுக்காடு. ஆகவே மதிப்பெண்ணை எழுதுவோர் ஆண்டையும் மொத்தத்தையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். மாநிலத் தரவரிசையை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. முதல் மூவரின் படங்கள் நாளிதழ்களில் வந்த காலம் போயிற்று. தன்விவரக் குறிப்புகள் மட்டும் இன்னும் அக்காலத்திலேயே நிற்கின்றன.

முதல் வேலை தேடும் இளைஞர் பள்ளி முடிவை எழுதுவதே தக்கது. பட்டம் தவிர வேறொன்றும் காட்டுதற்கில்லாத நிலையில், ஒரு வகுப்பை மட்டும் விட்டால் படிப்போர் அவ்விடத்தையே உற்று நோக்குவர். குறைந்த மதிப்பெண் பெற்றவர் பள்ளியையும் ஆண்டையும் தேர்ச்சியையும் எழுதி, மதிப்பெண்ணைக் கேட்டபோது கூறலாம், அது பொய்யன்று. படிவம் கேட்குமாயின் உள்ளதை உள்ளவாறு எழுதுக. சில ஆண்டுகள் பணியாற்றியவர்க்கு இவ்வரிகளே வேண்டா; அவ்விடத்தில் செய்த பணியை எழுதுதல் சிறப்பு.

மருங்காபுரி மாணவர் வெற்றிடத்தை நிரப்பியபின் குறிப்பை மீண்டும் வாங்கிப் பார்த்தோம். கல்வி பற்றிய பகுதி செம்மையாக இருந்தது. கீழே பாதிப் பக்கம் வெறுமை. விடுமுறைகளில் என்ன செய்தீர் என்று வினவினோம். துவரங்குறிச்சியில் பலசரக்குக் கடை ஒன்றில் மூன்றாண்டுகள் கணக்கு எழுதியதாகவும், கொள்முதலுக்கு மணப்பாறைக்குத் தனியே சென்று வந்ததாகவும் கூறினார்.

"அதை ஏன் எழுதவில்லை?"

"அதையெல்லாம் எழுதலாமா ஐயா?" என்றார்.