பரணில் ஏறிய ஃபைல்

நெய்வேலி

அன்புள்ள கயல்விழி,

போன ஞாயிறு குழந்தையைப் பார்க்க வந்தபோது உன் அக்காவின் கர்ப்பகால ஃபைல் பரணில் ஏறியிருந்தது. "பிரசவத்தோட சர்க்கரை போயிடுச்சே சார்" என்றார் உன் அம்மா. கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போன வசனம்.

நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்றுநீரை இராப்பகலாக இறைக்கிறார்களே, ஏன்? பம்பு சளைத்தால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு வரும். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கும்போது கணையம் கூடுதலாக இறைக்க வேண்டும். அக்காவின் கணையம் சளைத்தது. நஞ்சுக்கொடி விழுந்ததும் அழுத்தம் குறைந்தது, அவ்வளவுதான்; பம்பு அதே பழைய பம்பு. வயதும் எடையும் ஏறினால் ஊற்று மறுபடி முட்டும். இப்படிப்பட்ட தாய்மாருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்குக் குறையாது என்று 2009-ல் லான்செட் இதழ் எழுதியது. லட்டு தின்றதால் வந்தது என்று பேசும் உறவினர்கள் தயவுசெய்து வாயை மூடட்டும்.

"பிள்ளைக்கு வந்தால் அது பரம்பரைதானே?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அலமாரியைக் குடைந்து என் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் செய்த ஆய்வு, 2000-ல் வெளியானது. ஒரே தாயின் பிள்ளைகள். அம்மாவுக்கு நீரிழிவு வருமுன் பிறந்தவரைவிட, வந்தபின் பிறந்தவருக்கே நீரிழிவும் எடையும் அதிகம். பரம்பரை மட்டுமென்றால் இருவருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இன்னும் கேள்: அப்பாவுக்கு நீரிழிவு வருமுன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் இல்லை! அப்பா கருவைச் சுமப்பதில்லையே. இதைப் படித்த அன்று நான் சாப்பிட மறந்தேன்.

தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது. வந்து குவியும் சர்க்கரைக்குச் சிசுவே இன்சுலின் சுரந்து கொழுப்பு சேர்க்கிறது. மைசூரில் பின்தொடர்ந்த, கர்ப்பகால நீரிழிவுத் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் ஒன்பதரை வயதில் உடற்கொழுப்பும் இன்சுலினும் கூடுதலாகவே இருந்தன.

கர்ப்பத்தில் வெறும் வயிறு வேண்டாம், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும் என்று நிலைநாட்டியவர் சென்னை டாக்டர் சேஷையா. பிரசவத்துக்குப் பின் இதே சோதனையைச் செய்வதோ வெறும் வயிற்றில். குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள். அக்காவுக்கு இது எட்டாவது வாரம். 2 மணி நேர அளவு 140-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 200 என்றால் நீரிழிவு. நன்றாக இருந்தாலும் வருஷா வருஷம் பார்க்கச் சொல். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அது அவளுக்கும் காப்பு.

ஃபைலை இறக்கிவிடு. குளுக்கோஸ் தண்ணீர் குமட்டினால் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாமா என்று லேபில் கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் உயிரியல் சார்