கிளிப் போடறதுக்கு முன்னாடி ஈர்க்கு வச்சு அளந்து பாரு

கண்ணு, பையனுக்குப் பல்லு கோணலா முளைக்குதுன்னு போன்ல அழுதியே, அழறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நம்ம பாலாறு ஊர்ல இருந்துகிட்டு சட்டுன்னு கிளிப் போடவும் முடிவெடுக்காத. போட்டா ஒன்றரை, ரெண்டு வருஷம், மாசம் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கணும். நமக்கு ஒரு பக்கம் மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கிக் கொள்ளேகால், மைசூர்; இன்னொரு பக்கம் கொளத்தூர் தாண்டி மேட்டூர். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

முதல்ல மேல்பல்லு எவ்வளவு எடுப்பா இருக்குன்னு வீட்டுலயே அளந்து பாரு. பையனை வெளிச்சத்துல உட்கார வச்சு, கடைவாய்ப்பல் ரெண்டும் சேர்ற மாதிரி கடிக்கச் சொல்லு. சும்மா பல்லைக் காட்டுன்னா பசங்க கீழ்த்தாடையை முன்னாடி தள்ளிடுவாங்க, ஏமாந்துடாத. கழுவின ஈர்க்கைக் கீழ் முன்பல்லுல மெதுவா முட்ட வச்சு, மேல்பல் விளிம்பு வர்ற இடத்துல நகத்தால கீறிக்கோ. அப்புறம் ஸ்கேல்ல அள. 2, 3 மில்லிமீட்டர்னா நல்ல கடி. 1989-ல பிரிட்டன்ல புரூக், ஷான்னு ரெண்டு பேர், வைத்தியம் எவ்வளவு அவசியம்னு அஞ்சு படி வகுத்தாங்க. 6 மில்லிமீட்டரைத் தாண்டினா நாலாவது படி, 9-ஐத் தாண்டினா அஞ்சாவது. இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேணும். அழகுக்காகச் சொல்லல, பையன் விளையாடும்போது குப்புற விழுந்தா, எடுப்பான பல்லுதான் முதல்ல உடையும்.

மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடிச்சாலோ, கீழ்ப்பல் அண்ணத்துல குத்தினாலோ தள்ளிப்போடாத. எட்டு வயசுல முன்பல் நடுவுல சந்து தெரிஞ்சா பதறாத. 11, 12 வயசுல சிங்கப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானா மூடிக்கும்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு மனசு கேக்கல. "விழற பல்லுதானே"ன்னு சொத்தையான பால் கடைவாய்ப்பல்லைச் சீக்கிரமே பிடுங்கிடறாங்க. பின்னாடி இருக்கற பல்லு முன்னே சாய்ஞ்சு, புதுப்பல்லுக்கு இடமே இல்லாமப் போயிடுது. பிடுங்கித்தான் ஆகணும்னா, இடத்தைக் காக்கற கம்பி போடலாமான்னு டாக்டரைக் கேளு. ஆறு வயசுல கடைசியா பின்னாடி முளைக்குதே, அது பால்பல் இல்ல கண்ணு, ஆயுசுக்கும் அதுதான். தினமும் அங்க பிரஷ் போகுதான்னு நீயே பாரு.

ஏழு வயசுல ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடணும். மைசூர் ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரியில பல் சீரமைப்புக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. ஈர்க்கு அளவை ஒரு தாள்ல எழுதி வை. தசரா லீவு விட்டதும் கிளம்பலாம், நானும் கூட வர்றேன்.