லெவல் ஐந்தை வெட்டிவிடாதீர்கள்

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு. ரவுட்டர், சுவிட்ச் லாகுகளைத் தொலைவில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும்போது எதை விடுவது, எதை நிறுத்துவது என்பதுதான் பேச்சு. சிஸ்கோ ஐஓஎஸ்ஸை வைத்துச் சொல்கிறேன்.

1. சிஸ்லாகில் 0 முதல் 7 வரை எட்டு லெவல்கள். எண் குறையக் குறைய விவகாரம் பெரிது. 0 என்றால் கருவியே படுத்துவிட்டது. 3 எரர், 4 வார்னிங், 5 நோட்டிஃபிகேஷன், 6 வெறும் தகவல், 7 டீபக். சர்வருக்கு எந்த லெவல் வரை அனுப்புவது என்று சொல்லும் கட்டளை 'லாகிங் டிராப்'. 'லாகிங் டிராப் 4' கொடுத்தால் நாலாம் லெவல் மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். பூஜ்யத்திலிருந்து நாலு வரை எல்லாமே போகும்.

2. சர்வர் நிரம்புகிறது என்று யாராவது புலம்பினால், உடனே நாலோடு நிறுத்தத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஐஎஸ்பி பக்கம் பிஜிபி அறுந்தால் வரும் செய்தி லெவல் 5. ஓஎஸ்பிஎஃப் நெய்பர் போனாலும் 5. நள்ளிரவில் யாரோ உள்ளே புகுந்து கான்ஃபிக் மாற்றினால் வருகிற கான்ஃபிக்-ஐ செய்தியும் 5தான். ஆனால் சாயங்காலம் ஊழியர் ஒருவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் ஆக்ஸஸ் சுவிட்ச் அதை லெவல் 3 என்று கத்தும்! அந்த எண்ணைப் போட்டவர் மென்பொருள் எழுதியவர். உங்கள் ஆபீஸில் எந்த போர்ட் முக்கியம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

3. ஆகவே லெவலைக் குறைக்காமல் சத்தத்தை அது கிளம்பும் இடத்திலேயே அடக்குங்கள். பயனர் போர்ட்டுகளில் 'நோ லாகிங் ஈவன்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' போடுங்கள். அப்லிங்க்கில் மட்டும் போடாதீர்கள். டிராப் லெவலை 5இலோ, டிஃபால்ட்டான 6இலோ விடுங்கள். மிச்சத்தை சர்வரில் ஆர்சிஸ்லாக் பிரித்துக்கொள்ளும். கருவி அனுப்பாததை சர்வரில் எங்கே போய்த் தேடுவது?

4. கன்சோல், மானிட்டர், பஃபர், டிராப் நான்குக்கும் தனித்தனி லெவல். 'ஷோ லாகிங்' அடித்தால் தெரியும். கன்சோலில் டீபக்கை ஓடவிடாதீர்கள். 9600 வேகத்தில் அது எழுதி முடிப்பதற்குள் ரவுட்டர் திணறும்.

5. எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் ஒன்றாக ஓடவைக்கும் என்டிபியைப் போடுங்கள். அது இல்லாமல் இரண்டு கருவிகளின் லாகை ஒப்பிட உட்காரவே வேண்டாம்.

6. வழக்கமாக லாக் போவது யுடிபி 514இல். போய்ச் சேர்ந்ததா என்று யாரும் திரும்பச் சொல்ல மாட்டார்கள். லைன் அறுந்த நேரத்துச் செய்திதான் நமக்கு வேண்டும். அதுவே வழியில் தொலையும். அதனால் கருவியின் பஃபரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

7. எல்லாம் முடிந்ததும் கான்ஃபிக் மோடுக்குள் போய், எதையும் மாற்றாமல் வெளியே வாருங்கள். சர்வர் பக்கம் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் அப்போது வரும் கான்ஃபிக்-ஐ செய்தியின் தலையில் 189 என்று நிற்க வேண்டும். சிஸ்கோ வழக்கமாக வைக்கும் ஃபெசிலிட்டி, அதாவது செய்தி வகை, லோக்கல்7. அதன் எண் 23. அதை எட்டால் பெருக்கி லெவல் ஐந்தைக் கூட்டினால் வருவது அது. வரவில்லையா? டிராப் லெவலைப் பாருங்கள், அடுத்து நடுவில் இருக்கும் ஃபயர்வாலை.