குளத்தைச் சூழ்ந்த சோலையும் புல்வெளியும்

வறண்ட வலயத்துச் சிறு குளங்களின் கீழ்ச் செய்கை பண்ணும் கமக்காரர், குளக்கட்டுக்கு அண்மையிலுள்ள வயல்களில் மட்டும் நெற்பயிரின் இலைநுனி கருகிப் பயிர் ஆங்காங்கே பட்டுப்போவதைக் கண்டிருப்பர். நீர் வற்றியபின் அந்நிலத்தில் வெண்ணிறமான உப்புப் படையுந் தோன்றும். பசளையைக் கூட்டியும் விதையை மாற்றியும் பயன் காணாதோர் பலர். இத்தகையோர் முதலிற் பார்க்க வேண்டியது, கட்டுக்கும் வயலுக்கும் இடையே முன்னர் நின்ற சோலை இப்பொழுது உண்டா என்பதையே.

இச்சோலையைச் சிங்களக் கிராமத்தவர் ‘கட்டக்கடுவ’ என்பர். கட்டினூடாகக் கசியும் உவர்நீரை அங்குள்ள மரங்களும் செடிகளும் உறிஞ்சி, வயலை அடையாவண்ணம் தடுக்கின்றன. குளத்தின் மேற்புறத்தில் நிற்கும் மரங்கள் ‘கஸ்கொம்மன’ எனப்படும். அவை வறண்ட காற்றைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. அவற்றின் வேர்களுக்கிடையே மீன்கள் முட்டையிடும். அதற்கும் மேலேயுள்ள புல்வெளியாகிய ‘பெரஹன’ மழைநீரோடு வரும் வண்டலை வடித்து நிறுத்துவது. இவ்வமைப்புடன் கூடிய குளத்தொடர்களை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2017ஆம் ஆண்டில் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. எனினும் பல ஊர்களில் இச்சோலையை வெட்டி வயலாக்கினர்; புல்வெளியை உழுது மிளகாயும் சோளமும் இட்டனர். உழுத மண் மழையிற் கரைந்து குளத்தில் நிறைகிறது. அரை ஏக்கர் தோட்டத்தைப் பெற்றோர் குளத்து நீரை இழந்தனர்.

மீளமைக்கும் வேலை ஒருவரால் ஆவதன்று. கமக்காரர் அமைப்பின் கூட்டத்திற் பேசி, குளத்து ஒதுக்கு நிலத்தின் எல்லையைக் கமநல சேவை நிலையத்தாருடன் அளந்தபின், சிரமதானமாகத் தொடங்குதல் நன்று. எல்லையுள் பயிரிட்டோர் இருப்பின், அவர் அறுவடை முடியும்வரை பொறுத்தல் வேண்டும். இன்றேல் வேலை பகையாய் முடியும்.

முதலில் நாயுண்ணிச் செடியை வேரோடு பிடுங்கி அகற்றுக. அதன்பின் உடனே நட முற்படாது, ஒரு மாரிக்கு நிலத்தை அடைத்து விடுவது உத்தமம். மண்ணிற் கிடக்கும் வித்துக்களும் வெள்ளத்தில் வருபவையும் தாமே முளைக்கும். முளையாத இடங்களில் மட்டும் மருது, புங்கு, இலுப்பை, நொச்சி ஆகியவற்றை நடுக. இலுப்பை வித்து விரைவில் முளைதிறன் இழக்குமாதலின் பழம் விழுந்தவுடன் விதைத்தல் வேண்டும். மருதங்காயைச் சில நாள் நீரில் ஊறவைத்து இடலாம். நடுகைக்குப் பெரும்போக மழையின் தொடக்கமே தக்க காலம். தேக்கு நட்டுச் சோலை என்று பெயரிடுவாரும் உளர்; அது மரத்தோட்டமேயன்றிச் சோலையன்று. குளக்கட்டின் மீது எம்மரத்தையும் நடலாகாது. வேர் இற்ற வழியே நீர் கசிந்து கட்டு உடையும்.

புல்வெளியை உழாமல் விடுதலே போதும். கோரையும் அறுகும் தும்பையும் தாமே வந்துவிடும். மரக்கறிச் செய்கையாளருக்கு இதனாலொரு நயமுண்டு. பூசணி, பாகல், புடோல் ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாதலின் மகரந்தத்தைப் பூச்சிகளே கொண்டுசெல்ல வேண்டும். தேனீக்களுக்கு ஆண்டு முழுதும் பூவும் கூடு கட்ட மரப்பொந்தும் கிடைப்பது இத்தகைய இடங்களிலேயே.

முதலிரு கோடையிலும் கன்றுகளை மாடு மேயாது முள்வேலியிட்டுக் காத்தல் வேண்டும். தீ வைத்துத் துப்புரவு செய்யும் வழக்கத்தை அவ்வெல்லையுள் முற்றாக நிறுத்துக. மேய்ச்சலுக்கு மாடு விடுவோரையும் முதற் கூட்டத்திலேயே அழைத்து, மாடுகள் நீர் குடிக்க இறங்கும் வழியை அவர்களோடு பேசிக் குறித்துக்கொள்க.