அக்கி ரொட்டி வெடிப்பது ஏன்?

கேள்வி: பெங்களூரில் மொச்சை போட்ட அக்கி ரொட்டி சாப்பிட்டேன். வீட்டில் தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கிறதே?
– வாசகி, கெலாங் பாத்தா, ஜொகூர்

பதில்: கோதுமைக்குள்ள இழுவை அரிசி மாவுக்குக் கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் வெடிக்கத்தான் செய்யும். உரித்த பச்சை மொச்சையை உப்புப் போட்டு நன்றாக வேகவிடுங்கள். வடித்த நீரை மறுபடி கொதிக்கவிட்டு, 2 கப் மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி மூடிவையுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் மொச்சை, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசையலாம். எண்ணெய் தடவிய வாழையிலையில் ஈரக்கையால் தட்டி, விரலால் இரண்டு மூன்று துளையிட்டு, இலையோடு கல்லில் கவிழ்த்துவிடுங்கள். சற்று நேரத்தில் இலை தானாகக் கழன்று வரும். துளைகளில் எண்ணெய் விட்டு மூடிவைத்து வேகவிடுங்கள்.

பெங்களூரில் மார்கழி, தையில்தான் மொச்சைக்குக் கொண்டாட்டம். அதற்கென்றே 'அவரேபேளே மேளா' நடக்கும். அங்கே சாப்பிட்ட ரொட்டியில் தனி வாசனை வந்திருந்தால், அது பெரும்பாலும் சதகுப்பைக் கீரையுடையது. ஒரு கைப்பிடி போதும், அதிகமானால் மருந்து வாடை. மொச்சை கிடைக்காத நாளில் பயத்தங்காயைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், குறையில்லை. ஒன்று மட்டும் கவனம்: மாவுப் பொட்டலத்தில் 'புலுட்' என்றிருந்தால் வாங்காதீர்கள். அது ஒட்டரிசி மாவு. ரொட்டி கல்லைவிட்டு வராது.