தொழில்முறைக் காமிராப் பதிவுகளை எளிய கணினிக்கு இசைவித்தல்

விழாக்களையும் நாடகங்களையும் பெரியோர் சொற்பொழிவுகளையும் வீடியோவாகப் பதிந்துவைக்கும் வழக்கம் கல்லூரிகளில் இப்பொழுது வேரூன்றிவிட்டது. பதிபவர் பெரும்பாலும் அத்தொழிலில் தேர்ந்தவர். அவர் கையாளும் காமிரா ஒளிபரப்பு நிலையங்களுக்கென்றே அமைந்தது. அப்பதிவைத் தொகுத்து வெளியிடும் பொறுப்போ, மாணவர் ஒருவருடைய மடிக்கணினியையும், விலையின்றியோ சிறு விலைக்கோ கிடைக்கும் எடிட்டிங் மென்பொருளையும் சார்ந்து நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பள்ளத்தில் நல்ல பதிவுகள் பல வீழ்ந்து கெடுவதுண்டு. ஹார்டு டிஸ்கில் ஃபைல் இருக்கும். மென்பொருள் அதனைத் திறவாது. திறப்பின் ஒலி இராது. ஒலி இருப்பின், உருவங்களின் ஓரத்தே சீப்பின் பற்களைப்போன்ற கோடுகள் தோன்றும். இவை ஒவ்வொன்றிற்கும் காரணம் உண்டு. காரணம் அறிந்தார்க்கு மாற்றும் உண்டு. அவற்றை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அறியவேண்டுவது, வீடியோ ஃபைல் என்பது இரு வேறு அமைப்புகளின் சேர்க்கை என்பதாம். ஒன்று, படத்தையும் ஒலியையும் நேரக்குறிப்பையும் சேர்த்துக் கட்டிவைக்கும் கன்டெய்னர். மற்றொன்று, படத்தைச் சுருக்கி எழுதும் முறையாகிய கோடெக். கன்டெய்னரைக் கடிதத்தின் உறையென்றும், கோடெக்கைக் கடிதம் எழுதப்பட்ட பாஷையென்றும் கொள்ளலாம். கடிதம் படிக்க இயலாதபொழுது, உறை பிரியவில்லையா, பாஷை தெரியவில்லையா என்பதையன்றோ முதலில் விசாரிக்கவேண்டும்? நம் மாணவருட் பலர் இதனை விசாரியாமலே, கைக்கு அகப்பட்ட 'கன்வர்ட்டர்' ஒன்றில் ஃபைலை இட்டு, வந்ததைக் கொண்டு திருப்தியடைகின்றனர். உறையை மாற்றினாலே போதும் என்னுமிடத்துக் கடிதத்தையே மொழிபெயர்த்துவிடுகின்றனர். மொழிபெயர்ப்பில் சிறிதேனும் இழப்பின்றி அமைவது அரிது.

எடுத்துக்காட்டாக, ஸோனி நிறுவனத்தின் எக்ஸ்டிகேம் எச்.டி. 422 என்னும் வகையைக் கொள்வோம். இதன் உறை எம்.எக்ஸ்.எஃப்.; சலனப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தினர் 2004-ஆம் ஆண்டில் தரப்படுத்தியது. உள்ளிருக்கும் பாஷை எம்பெக்-2. அகலம் 1920 புள்ளி, உயரம் 1080 புள்ளி, விநாடிக்கு 25 படம் என்ற அளவில், சுருக்காமல் எழுதினால் விநாடிக்குச் சுமார் 829 மெகாபிட் வேண்டும். இம்முறையில் அது 50 மெகாபிட்டுக்குள் அடங்குகின்றது. 422 என்னும் எண் நிறத்தைப் பற்றியது. ஒளியின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் குறித்து, நிறத்தை இரு புள்ளிக்கு ஒருமுறை குறிப்பது 4:2:2. நான்கு புள்ளிக்கு ஒருமுறையே குறிப்பது 4:2:0. வீட்டுக் காமிராக்களும் கைபேசிகளும் பெரும்பாலும் இதனையே கைக்கொள்வன. பச்சைத் திரையின் முன் நிறுத்திப் படம்பிடித்து, பின்னர்ப் பின்னணியை மாற்ற விழைவார்க்கு இவ்வேற்றுமை நன்கு விளங்கும்.

இனி மாற்றும் முறை. எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருள், பிரான்சு தேசத்துப் பேப்ரிஸ் பெலார்ட் என்பவரால் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இன்று கிடைக்கும் மாற்றுக் கருவிகளுட் பல இதனையே உள்ளே வைத்து இயங்குகின்றன. இதற்குக் 'காப்பி' என்று ஆணையிட்டால், படத்தைத் தொடாமல் எம்.எக்ஸ்.எஃப். உறையை நீக்கி மூவ் உறையில் இட்டுக் கொடுக்கும். ஒரு மணி நேரப் பதிவும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். தரத்தில் அணுவளவும் குறைவு நேராது. ஆதலின் முதலில் செய்து பார்க்கவேண்டியது இதுவே.

அதன்பின்னும் மென்பொருள் மறுக்குமாயின், அல்லது திறந்தும் படம் தத்தித் தத்தி ஓடுமாயின், பாஷையையே மாற்றவேண்டும். தத்துவதற்குக் காரணம் இது: எம்பெக்-2, எச்.264 முதலிய முறைகளில் முழுப்படம் ஒன்றை எழுதி, அடுத்துவரும் பத்துப் பதினொரு படங்களுக்கு வேற்றுமையை மட்டுமே எழுதுவது வழக்கம். இடையில் ஒரு படத்தைக் காட்டுக என்றால், கணினி முழுப்படத்தினின்று தொடங்கிக் கணக்கிட்டு வரவேண்டும். எடிட்டிங் என்பதோ முன்னும் பின்னும் ஓயாது ஓடும் வேலை. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே முழுதாக எழுதும் முறை இதற்கு உகந்தது. ஆப்பிள் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட புரோரெஸ், ஆவிட் நிறுவனத்தின் டி.என்.எக்ஸ். ஆகியன அவ்வகையின. மென்பொருள் இவற்றை ஏற்குமாயின் இவற்றையே தேர்க. மேற்கூறிய அளவிற்குப் புரோரெஸ் 422 விநாடிக்கு 122 மெகாபிட் கொள்ளும்; எனவே ஒரு மணி நேரத்தில் 22.5 ஜிகாபைட்டாக இருந்த படம் 55 ஜிகாபைட்டாகப் பெருகும். பெருகியதனால் தரம் உயர்ந்தது என்று மகிழ்வார் உளர். மூலத்தில் இல்லாததை எந்தக் கோடெக்கும் படைத்துத் தாராது. இடத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கினோம், அவ்வளவே.

இவ்விரண்டையும் ஏற்காத மென்பொருளாயின் எச்.264-இல் 8 பிட், 4:2:0 என எழுதுவதன்றி வேறு வழியில்லை. அங்ஙனமாயின் தர எண்ணை வழக்கமான 23-இல் விடாது 16 அல்லது 17-க்கு இறக்கிக்கொள்க. எண் குறையக் குறையத் தரம் மிகும். விநாடிக்கு 25 படம் என்ற கணக்கையும் மாற்றலாகாது.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது. மீட்கவொண்ணாத இழப்பு பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றது. மேற்கூறிய எம்.எக்ஸ்.எஃப். ஃபைலில் எட்டு ஒலித்தடம் வரை இருக்கலாம். அவை பெரும்பாலும் தனித்தனி ஒற்றைத் தடங்களாகவே அமைந்திருக்கும். ஒன்றில் காமிராவின் மேலுள்ள மைக்கின் ஒலி, அதாவது மண்டபத்தின் இரைச்சலும் நாற்காலி நகரும் ஓசையும். மற்றொன்றில் பேசுவார் சட்டையில் குத்திய சிறு மைக்கின் தெளிந்த குரல். எஃப்.எஃப்.எம்பெக்கோ, வேறு ஆணை இல்லாதபொழுது ஒலித்தடங்களுள் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பெரிதும் எச்சரியாமலே விட்டுவிடும். ஓய்வுபெறும் பேராசிரியர் ஒருவரின் இறுதிச் சொற்பொழிவு இங்ஙனம் மாற்றப்பட்டதாக வைத்துக்கொள்வோம். கேட்பது மண்டபத்தின் எதிரொலி. அவர் குரல் இரண்டாந் தடத்தில் நின்றுபோயிற்று. மாற்றியவர் 'பதிவே இப்படித்தான்' என்றெண்ணி மூலத்தை அழித்துவிட்டால், பின்பு யாரால் என்ன செய்ய இயலும்? எல்லாத் தடங்களையும் கொணர்க என்று 'மேப்' என்னும் ஆணையால் வெளிப்படையாகக் கூறவேண்டும். எளிய மென்பொருள்கள் சில முதற்றடத்தை மட்டுமே படிப்பவை. அவற்றிற்கு ஒவ்வொரு தடத்தையும் தனி வேவ் ஃபைலாக, 48,000 ஹெர்ட்ஸ் என்னும் அளவு மாறாமல் பிரித்துக் கொடுத்தல் நலம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுதல் தகாது. தூரத்து மைக்கில் ஒலி சிறிது பிந்தியே சேர்வதால், கலந்த குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோற் கேட்கும்.

சீப்புக் கோடுகளின் வரலாறு சிறியது. 1080ஐ என்னும் முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றைவரிகளும் இரட்டைவரிகளுமாக இரு பாதியாய், விநாடியில் ஐம்பதிலொரு பங்கு இடைவெளியில் பிடிக்கப்படுகின்றது. அசையும் கை இரு பாதியிலும் இருவேறு இடத்தில் இருக்குமாதலின் கோடுகள் தோன்றுகின்றன. யாடிஃப் முதலிய வடிப்பான்கள் இதனை நீக்கும். நடனம், விளையாட்டு ஆகியவற்றிற்கு ஒவ்வொரு பாதியையும் ஒரு படமாக்கி விநாடிக்கு 50 படமாகக் கொண்டால் அசைவு வழுக்கிச் செல்லும்; சொற்பொழிவிற்கு 25 போதும். கோடுகளை நீக்காமல் படத்தைச் சிறிதாக்கினால் இரு பாதியும் ஒன்றோடொன்று கரைந்துபோம். அதன்பின் எந்த வடிப்பானும் உதவாது. நீக்குதல் முன்னர், சிறிதாக்குதல் பின்னர்.

புதிய காமிராக்களிற் சில, லாக் என்னும் முறையில் வெளிறிய படத்தைத் தரும். அது பழுதன்று; ஒளியின் விரிந்த வீச்சைக் காக்கும் உபாயம். அதற்குரிய லட் என்னும் நிறப்பட்டியலை, 1024 படிகளுள்ள 10 பிட் நிலையிலேயே பொருத்தி, அதன்பின் 256 படிகளுள்ள 8 பிட்டுக்கு இறங்குக. மாற்றிச் செய்தால் வானம் பட்டை பட்டையாகத் தெரியும்.

பானசோனிக் நிறுவனத்தின் பி2 கார்டு போன்றவற்றில் படமும் ஒலியும் வெவ்வேறு ஃபோல்டர்களில் வெவ்வேறு ஃபைல்களாக இருக்கும். வீடியோ என்று பெயரிட்ட ஃபோல்டரை மட்டும் எடுத்து வருவார்க்கு ஊமைப்படமே மிஞ்சும். ஃபேட்32 என்னும் அமைப்புள்ள கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிகாபைட்டைத் தாண்டாதாகையால், நீண்ட பதிவு பல துண்டாகும். துண்டுகளை இணைக்கும் விவரம் பக்கத்திலுள்ள சிறு ஃபைல்களிலேயே உளது. ஆகவே கார்டு முழுவதையும், ஃபோல்டர் அமைப்புக் குலையாமல், இரு வேறு டிஸ்குகளிற் பிரதி செய்து, இரண்டையும் மூலத்தோடு ஒப்பிட்டபின்னரே கார்டைத் துடைக்க விடவேண்டும். மாற்றிய ஃபைலுக்கும் மூல ஃபைலின் பெயரையே முன்னிட்டு வைக்க. தொகுப்பு முடிந்தபின் 55 ஜிகாபைட் ஃபைல்களை அஞ்சாது அழித்துவிடலாம். மூலம் கையிலிருக்க, அவற்றை மீண்டும் ஆக்கிக்கொள்வது கணினிக்கு ஓர் இரவு வேலை.