காலி வரிக்கும் 4 பைட்

நோட்பேடைத் திறந்து, எதுவும் டைப் செய்யாமல் என்டர் கீயை ஒருமுறை மட்டும் தட்டி சேவ் செய்யுங்கள். அந்த பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். சைஸ் 2 பைட் என்று இருக்கும். வரி முடிந்ததைக் காட்ட விண்டோஸ் போடும் இரண்டு குறிகள் அவை.

பெரிய வங்கிகள் பயன்படுத்தும் ஐபிஎம் மெயின்பிரேமில் வழக்கமாக இந்தக் குறிகள் கிடையாது. துளை அட்டைக் காலத்தில் ரெக்கார்டு என்றால் 80 எழுத்து. குறைந்தால் இடைவெளியால் நிரப்புவார்கள். 1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360-லும், 1970களில் சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கிய 370/155 போன்ற அதன் வாரிசுகளிலும் நீளம் மாறும் ரெக்கார்டுகளும் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் 4 பைட் இருக்கும். நீளம் எவ்வளவு என்று அதில்தான் எழுதியிருக்கும். அந்த 4 பைட்டும் கணக்கில் சேரும். பாம்பன் என்று ஆங்கிலத்தில் எழுத 6 எழுத்து, ஆகவே நீளம் 10. ஒன்றுமே எழுதாவிட்டால் 4. அதற்கும் குறைவாக இருந்தால் ரெக்கார்டு செல்லாது.

4 செல்லும். ஆனாலும் சிக்கல் அங்கேதான். மெயின்பிரேமில் சி மொழி புரோகிராம் டெக்ஸ்ட் பைலைப் படிக்கும்போது, நாம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் காலி ரெக்கார்டுகளைத் தாண்டிவிடும். 'ஜீரோ ரெக்லென்' செட்டிங்கை 'ஒய்' என்று மாற்ற வேண்டும். இது தெரியாமல் இரண்டு இரவு விழித்தவன் நான்!

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் ஜூன் மாதம் மழை அபூர்வம். பாம்பன் மழையளவை நாளுக்கு ஒரு வரியாக நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மழை 5, 17, 28 ஆகிய தேதிகளில் மட்டும். மற்ற 27 வரிகளும் காலி. புரோகிராம் அவற்றைத் தாண்டினால் மிஞ்சுவது 3 ரெக்கார்டுதான். 28ஆம் தேதி மழை 3ஆம் தேதி பெய்ததாகிவிடும்.

இதைவிட மோசமான குழப்பம் ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது போன்ற புயலில் மழையை அளக்கவே முடியாமல் போகலாம். வெயில் காய்ந்த நாளும் காலி, அளக்காத நாளும் காலி என்றால் பிறகு யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? எனவே ஒவ்வொரு வரியிலும் தேதியைப் போடுங்கள். மழை இல்லையா, 0. அளக்கவில்லையா, ஒரு கோடு.

எக்செல்லிலேயே சோதித்துப் பாருங்கள். 30 செல்களில் மூன்றில் மட்டும் 5, 10, 15 மி.மீ. என எண்களை இட்டு ஆவரேஜ் கேட்டால் 10 என்று வரும். மீதி 27 செல்லிலும் 0 இட்டுவிட்டுக் கேளுங்கள். 1 என்று வரும்.